பெயரில்லாத் தம்பி

மேற்குத் தொடர்ச்சி மலையினின்று பிரிந்து கிழக்கு நோக்கி நீண்டு கிடப்பது பழனிமலைத் தொடர். அதன் உச்சியில், கடல் மட்டத்திற்கு மேல் 2,100 மீட்டர் உயரத்தில், கொடைக்கானல் அமைந்துள்ளது. மழையும் மூடுபனியும் அவ்வூர் மக்களோடு வீட்டாரைப் போல உடன் வாழ்வன. சுவரிலே பாசி படர்வதும், கதவின் கீல் துருப்பிடிப்பதும், பாறையின்மேல் கற்பாசி வெண்புள்ளி இடுவதும் அங்கு நாள்தோறும் காணும் காட்சிகள். புதிய பொருள் ஒன்று பழம்பொருளாக மாறுவது எவ்வாறு என்பதைக் கற்க விரும்புவோர்க்கு அம்மலையினும் சிறந்த பள்ளி கிடைத்தல் அரிது.

2018ஆம் ஆண்டு அம்மலைக்கு இரு வகையில் நினைவுக்குரியதாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி அவ்வாண்டு சரிவுகளில் பூத்தது. 1918 நவம்பர் 11ஆம் நாள் ஓய்ந்த முதல் உலகப் போரின் நூற்றாண்டு நிறைவும் அவ்வாண்டே வந்தது. அந்நிறைவையொட்டி, மலைமேலுள்ள பள்ளி ஒன்றில் சிறு கண்காட்சி நடத்த ஏற்பாடு செய்தனர். அப்பள்ளியின் ஓவிய ஆசிரியர் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனை அழைத்தார்.

"தம்பி, போர் என்றால் வாளும் குதிரையும் வெற்றி முழக்கமும் என்றே பிள்ளைகள் எண்ணுகிறார்கள். பதுங்குகுழியில் நிற்கும் வீரன் ஒருவனைச் சிற்றுருவாகச் செய்து காட்டுவோம். நீ எனக்குத் துணையாக இருப்பாயா?" என்று கேட்டார்.

மாணவன் பூம்பாறையைச் சேர்ந்தவன். படிக்கட்டுகள் போல அடுக்கடுக்காக அமைந்த நிலத்தில் மலைப்பூண்டு பயிரிடும் உழவர் ஒருவரின் மகன். களிமண்ணைக் கண்டால் அவன் விரல்கள் சும்மா இரா. மகிழ்ச்சியோடு இசைந்தான். "எந்த நாட்டு வீரனைச் செய்வது, ஐயா?" என்று வினவினான். பட நூல்களில் அவன் கண்ட வீரர் அனைவரும் ஐரோப்பியராகவே இருந்தனர்.

ஆசிரியர் சிரித்தார். "அந்தப் போர் நம் வாயிற்படிக்கே வந்ததப்பா. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியக் கப்பல் சென்னையின்மீது குண்டு பொழிந்து எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்தியது. துணிச்சலும் தந்திரமும் மிக்கவனை 'எம்டன்' என்று நம்மவர் சொல்லும் வழக்கு அதன் பின்னரே பிறந்தது. போர் இங்கு வந்தது போலவே, இங்கிருந்து மனிதர்களும் போருக்குச் சென்றார்கள். அவர்களுள் ஒருவனைச் செய்வோம்" என்றார்.

அவர் கூறியது உண்மை. இந்தியாவினின்று ஏறத்தாழ 13 இலட்சம் பேர் படைவீரராகவும் தொழிலாளராகவும் கடல் கடந்து சென்றனர். பிரான்சு, கிழக்கு ஆப்பிரிக்கா, மெசபொத்தேமியா எனப் பல களங்களில் அவர்கள் நின்றனர். இந்தியப் படையினருள் 74,000க்கு மேற்பட்டோர் அப்போரில் மாண்டனர். தமிழ்நாட்டார் பலர் சேர்ந்திருந்த படைப்பிரிவுகளுள் ஒன்று மதராஸ் சாப்பர்கள் என்பது. 1780இல் தோன்றிய அப்படையின் வேலை, பாலம் கட்டுதல், வழி அமைத்தல், குழி தோண்டுதல், பகைவர் அரண்களைத் தகர்த்தல் முதலியன. 'சாப்பர்' என்னும் சொல்லே குழி வெட்டி முன்னேறுபவர் என்னும் பொருளில் பிறந்தது. முள்வேலியின் அடியில் வெடிமருந்துக் குழாயைச் செலுத்தி வழி திறக்கும் 'பெங்களூர்த் தார்ப்பீடோ' என்னும் கருவி, 1912இல் அப்படையைச் சேர்ந்த மெக்கிளின்டாக் என்னும் அதிகாரியால் அமைக்கப்பட்டது. அப்படையினரை மற்றையோர் 'தம்பிகள்' என்று அழைத்தனர். தமிழ் வீட்டில் இளையவனை அழைக்கும் சொல், ஒரு படைக்கே பெயராயிற்று.

ஆசிரியர் மெசபொத்தேமியாவைத் தேர்ந்தெடுத்தார். அது இன்றைய ஈராக்கு நாடு. டைகிரிஸ் ஆற்றங்கரையிலுள்ள குட் என்னும் ஊரில் முற்றுகைக்கு உள்ளான பிரிட்டிஷ் இந்தியப் படை, 147 நாட்கள் பசியோடு தாங்கி, 1916 ஏப்ரல் 29ஆம் நாள் சரணடைந்தது. அதனை மீட்கச் சென்ற படையினருள் இறந்தோரும் காயமுற்றோருமாக ஏறத்தாழ 23,000 பேர் வீழ்ந்தனர். ஆறு பெருக்கெடுக்கும் பருவத்தில் அங்குப் பதுங்குகுழிகளில் நீர் நிறையும். கோடையிலோ அதே மண் தூளாகிக் கண்ணை மறைக்கும். சேற்றிலும் புழுதியிலும் மாறி மாறி வாழ்ந்த அம்மனிதருள் ஒருவன், கையில் மம்பட்டியோடு நிற்பதே அவர்கள் செய்ய எண்ணிய காட்சி.

முதலில் அளவு வகுத்தனர். உண்மை உருவத்தில் பதினாறில் ஒரு பங்கு என்பது முடிவு. 168 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் அவ்வளவில் பத்தரைச் சென்டிமீட்டர் உயரமாவான். இரண்டு மீட்டர் ஆழமுள்ள குழி பன்னிரண்டரைச் சென்டிமீட்டர் ஆகும். மின்கம்பியை உரித்தெடுத்த செப்பு இழையை முறுக்கி எலும்புக்கூடு அமைத்தனர். இடுப்பின் வளைவும் தோளின் சாய்வும் அக்கம்பியிலேயே அமைந்துவிட வேண்டும். கம்பியில் உயிர் இல்லையாயின், அதன்மேல் எத்துணைப் பூசினும் உயிர் வாராது. பிறகு எம்-சீல் பசையின் இரு பகுதிகளையும் பிசைந்து கம்பியின்மேல் தசையாக ஏற்றினர். வெயில் நாட்டில் விரைந்து இறுகும் அப்பசை, மலையின் மூடுபனியில் நெடுநேரம் இளகியே இருந்தது. அதுவும் ஒரு நன்மையாயிற்று. ஆடையின் மடிப்புகளையும், கணுக்கால் முதல் முழங்கால் வரை சுற்றிய துணிப்பட்டியின் வரிகளையும் ஊசிமுனையால் பொறுமையாகக் கீறுவதற்கு மாணவனுக்கு நேரம் கிடைத்தது. மணல் மூட்டைகளுக்குப் பசையைச் சிறு தலையணைகளாக உருட்டி, அவற்றின்மேல் சல்லாத்துணியை அழுத்திச் சாக்கின் நெசவுத் தடத்தைப் பதித்தனர். மரம் அரிதான நாடாதலின், குழியின் சுவருக்குப் பலகை வைக்கவில்லை; தெர்மாகோலைச் செதுக்கி மண்சுவராகவே அமைத்தனர். மம்பட்டியின் தகடு, பால்மாவு டப்பாவின் தகரத்திலிருந்து வெட்டியது.

உருவம் இறுகியதும் மாணவன் வண்ணம் தீட்டினான். காக்கி உடை, பளபளக்கும் கருங்காலணி, வெள்ளிபோல் மின்னும் மம்பட்டி என யாவும் துலங்கின. அவன் பெருமிதத்தோடு ஆசிரியரிடம் காட்டினான்.

ஆசிரியர் நெடுநேரம் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகாக இருக்கிறான். நவராத்திரிக் கொலுவில் வைத்தால் எல்லாரும் பாராட்டுவார்கள். ஆனால் இவன் தையற்காரரிடமிருந்து நேரே வருகிறான், டைகிரிஸ் ஆற்றை இவன் பார்க்கவே இல்லை" என்றார்.

மாணவன் முகம் வாடிற்று. ஆயினும் அவர் சொன்னதன் பொருள் அவனுக்கு விளங்கியது. அன்று மாலையே பள்ளியின் பின்புறச் சரிவிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பசையில் குழைத்து, வீரனின் கால்களில் பூசினான். மறுநாள் ஆசிரியர் அதைக் கண்டு, "இது எந்த ஊர்ச் சேறு?" என்று கேட்டார்.

"நம் மலைச் சேறுதான், ஐயா."

"நம் மலைமண் செம்மை கலந்தது. டைகிரிஸ் கரையோ ஆறு கொண்டு வந்து படியவைத்த வண்டல். வெளிறிய சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம் உடையது. முகத்தைப் போலவே மண்ணுக்கும் ஊர் உண்டு. மேலும், இம்மண்ணில் மணல் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் மணல் இந்த அளவில் எவ்வளவு பெரிதாகும், கணக்கிட்டுப் பார்."

மாணவன் மனத்திற்குள் பெருக்கினான். ஒரு மில்லிமீட்டர் மணல், பதினாறு மில்லிமீட்டர் கல்லாக நின்றது. வீரனின் கால்களில் சேற்றுக்கு மாறாகக் கூழாங்கற்கள் ஒட்டிக்கொண்டிருந்தன!

அடுத்த விடுமுறையில் அவர்கள் மலையிறங்கி வத்தலக்குண்டுப் பக்கம் சென்றனர். நீர் வற்றிய ஓடை ஒன்றின் ஓரத்தில் படிந்திருந்த மென்வண்டலைச் சேகரித்தனர். அதனை உலர்த்தி, இடித்து, துணியில் சலித்தபோது மாவு போன்ற பொடி கிடைத்தது. சிறிது சுண்ணக்கட்டித் தூள் சேர்த்ததும், நிழற்படங்களையும் நூல்களையும் கொண்டு அவர்கள் உய்த்துணர்ந்த நிறம் வந்தது.

பொருளுக்குப் பழமை ஏற்றும் கலையில் ஒழுங்கு உண்டு. நீர்த்த பழுப்பு வண்ணத்தை உருவம் முழுவதும் ஓடவிட்டால், அது மடிப்புகளின் பள்ளங்களில் தங்கி நிழலாகும். தூரிகையில் வெளிர் வண்ணம் தொட்டு, அதனைக் காகிதத்தில் பெரும்பாலும் துடைத்துவிட்டு, மேடான இடங்களில் மட்டும் மெல்ல வருடினால், வெயிலில் வெளுத்த தோற்றம் வரும். காவிப்பொடியைத் தொட்டு வைத்தால் இரும்பில் துரு ஏறும். எழுதுகோலின் கரித்தூளை விரலால் தேய்த்தால், உழைப்பால் தேய்ந்த இரும்பின் ஒளி தோன்றும். இவற்றையெல்லாம் ஆசிரியர் கற்பித்தார். மாணவன் கற்றான். வீரன் தலை முதல் கால் வரை சேறு பூசிக்கொண்டான். இருவரும் வேலை முடிந்தது என்றே கருதினர்.

அச்சமயம் மாணவனின் தந்தையார் ஊரிலிருந்து பள்ளிக்கு வந்திருந்தார். மகனின் கைவேலையைக் காண ஓவிய அறைக்குள் நுழைந்தவர், மேசையின் முன் குனிந்து உருவத்தை உற்று நோக்கினார்.

"இவர் என்ன செய்கிறார்?" என்று கேட்டார்.

"குழி வெட்டுகிறார், அப்பா."

தந்தையார் தலையை அசைத்தார். "இல்லையப்பா. இவர் மண்ணை வெட்டவில்லை, மண்ணில் விழுந்திருக்கிறார்."

ஆசிரியர் நிமிர்ந்தார். "விளங்கச் சொல்லுங்கள், ஐயா" என்று அவருக்கு இருக்கை இட்டார்.

உழவர் சற்றே கூச்சத்தோடு பேசத் தொடங்கினார். "நான் படிப்பறிவு இல்லாதவன். ஆனால் நாற்பது ஆண்டுகளாக மண் வெட்டுகிறேன். வெட்டுகிறவனுக்கு முன்வைத்த காலில்தான் மண் தெறிக்கும். பின்காலில் அவ்வளவு இராது. காலையில் பட்ட சேறு மாலைக்குள் காய்ந்து வெளுத்துவிடும்; அதன்மேல் இப்போது பட்டது கறுத்து ஈரமாக இருக்கும். இவர் உடம்பில் எல்லாச் சேறும் ஒரே நிறமாக இருக்கிறது. ஒரே வேளையில் பட்ட சேறு அது. ஈரக் கையில் மம்பட்டிக் காம்பு வழுக்கும். ஆகவே கையை அடிக்கடி தொடையில் துடைப்போம். இவர் தொடையில் அந்தத் தடம் எங்கே? காம்பில் கை பற்றுகிற இடம் எண்ணெய் தடவியது போல் வழவழப்பாகும். அங்கே அழுக்குச் சேராது. தகட்டில் வாய்ப்பக்கம் நாளும் மண்ணில் தேய்வதால் பளபளக்கும். காம்பு நுழையும் கண்ணருகில்தான் துரு நிற்கும். நீங்கள் வாயிலே துருவை வைத்திருக்கிறீர்கள்."

அறையில் சிறிது நேரம் பேச்சில்லை. ஆசிரியர் எழுந்து அவர் கைகளைப் பற்றிக்கொண்டார். "நான் இவனுக்கு வண்ணம் பூசக் கற்றுக்கொடுத்தேன்; நீங்கள் உழைப்பைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தீர்கள்" என்றார்.

மாணவன் அன்றிரவு ஊருக்குச் சென்றபோது, வீட்டு மூலையில் சாய்த்திருந்த மம்பட்டியை முதன்முறையாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான். பிறந்தது முதல் கண்ட பொருள் அது. தந்தை பற்றும் இரண்டு இடங்களில் காம்பு சற்றே ஒடுங்கியிருந்ததை அவன் அதற்குமுன் கவனித்ததில்லை. இருபது ஆண்டு உழைப்பு அந்த ஒடுக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. தந்தை உறங்கிக்கொண்டிருந்தார். அவருடைய உள்ளங்கையை விளக்கொளியில் பார்த்தபோது, தான் செய்த உருவத்தின் கைகள் எத்துணைப் பொய்யானவை என்பது மாணவனுக்குப் புலப்பட்டது.

அவன் மீண்டும் தொடங்கினான். பூசிய சேற்றையெல்லாம் நனைத்துக் களைந்தான். கைகளை வெட்டிவிட்டு, விரல் கணுக்கள் புடைத்த புதுக்கைகளை அமைத்தான். முன்காலில் மிகுதியாகவும் பின்காலில் குறைவாகவும் சேறு ஏற்றினான். காய்ந்த சேற்றுக்கு வெளிறிய பொடியும், அதன்மேல் ஈரச் சேற்றுக்கு மெருகெண்ணெய் கலந்த கரும்பழுப்பும் வைத்தான். தொடையில் நான்கு விரல் தடம் இட்டான். மம்பட்டியின் வாய் கரித்தூளால் ஒளிர்ந்தது. கண்கள் மட்டும் அவனுக்கு நெடுநாள் அமையவில்லை. சினமும் வீரமும் காட்டப் பலமுறை முயன்று அழித்தான். இறுதியில், பகல் முழுதும் உழைத்து மாலையில் வரப்பில் அமரும் தன் தந்தையின் கண்களை நினைத்துக்கொண்டு இரு கோடுகள் இட்டான். வீரன் களைப்போடு நிமிர்ந்து பார்த்தான்.

உருவத்தின் அடியில் பெயர் பொறிக்கச் சிறு பித்தளைத் தகடு ஒன்று வாங்கி வைத்திருந்தனர். தந்தையார் இரண்டாம் முறை வந்து கண்டபோது, ஒரு குறையும் சொல்லவில்லை. "இப்போது வெட்டுகிறார்" என்று மட்டும் கூறிவிட்டு, "இவர் பெயர் என்ன?" என்று கேட்டார்.

விடை சொல்வார் இல்லை.

மாணவன், "ஐயா, நாமே ஒரு நல்ல தமிழ்ப்பெயர் வைக்கலாமே" என்றான்.

ஆசிரியர் உடனே மறுமொழி கூறவில்லை. பழந்தமிழர் போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டினர். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை அதற்குரிய முறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. பழனிமலைக்குத் தெற்கே, வையைக் கரையிலுள்ள புலிமான்கோம்பை என்னும் சிற்றூரில் 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் போரையும், அதனோடு தொடர்புடைய அந்தவன் என்பவன் பெயரையும் இன்றும் தாங்கி நிற்கின்றது. ஆசிரியர் இவற்றை எடுத்துரைத்தார்.

"மாடு மீட்கும் பூசலில் இறந்தவனின் பெயர் இரண்டாயிரம் ஆண்டு நிலைத்தது. மெசபொத்தேமியாவில் இறந்தவர்களுக்காக 1929இல் பாஸ்ரா நகரில் பெரிய நினைவுச் சின்னம் திறந்தார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை நினைவுகூர்வது அது. ஆனால் இந்தியரில் அதிகாரிகளின் பெயரை மட்டும் பொறித்து, மற்ற வீரர்களைப் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கையாகக் குறித்தார்கள். இத்தனை பேர் என்று சொன்னார்கள். இன்னார் என்று சொல்லவில்லை. நாம் இப்போது ஒரு பெயரைப் புனைந்து எழுதினால், அந்தக் குறையை நாமே மூடி மறைத்தவர் ஆவோம். தகடு வெறுமையாகவே இருக்கட்டும், தம்பி" என்றார்.

அவ்வாறே கண்காட்சியில் வைத்தனர். வந்த பிள்ளைகள் முதலில் சேற்றைக் கண்டு வியந்தனர், பிறகு தகட்டைக் கண்டு, "பெயர் எழுத மறந்துவிட்டீர்களே!" என்றனர். ஒவ்வொரு முறையும் மாணவன் காரணத்தை எடுத்துச் சொன்னான். மாலைக்குள் அவன் தொண்டை கட்டிவிட்டது. எழுதிய பெயரைப் படித்துவிட்டுப் பலர் நகர்ந்திருப்பர்; எழுதாத பெயர் அவர்களை நிறுத்திக் கேட்கவைத்தது.

ஆண்டுகள் சென்றன. 2021 ஏப்ரலில், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தன் பழம்பதிவுகளை ஆராய்ந்த அறிக்கையை வெளியிட்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்கர், இந்தியர் முதலியோருள் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படாமலோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்று அவ்வறிக்கை ஒப்புக்கொண்டது. ஆணையம் அதற்காக மன்னிப்பும் கோரியது. அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்த அம்மாணவன் அச்செய்தியைப் படித்தான். பெருந்தொற்றால் மூடிக் கிடந்த பள்ளி மீண்டும் திறந்தபின், ஒருநாள் தன் பழைய ஆசிரியரைக் காணச் சென்றான்.

இருவரும் ஓவிய அறையின் அலமாரியைத் திறந்தனர். மலையின் ஈரம் உள்ளே புகுந்து தன் வேலையைச் செய்திருந்தது. சாக்குமூட்டைகளின்மேல் மெல்லிய பூஞ்சணம் படர்ந்திருந்தது. காவிப்பொடி வைத்த இடத்தில் இப்போது மெய்யாகவே துருவேறியிருந்தது. எது தூரிகை இட்டது, எது காலம் இட்டது என்று பிரித்தறிய இயலவில்லை. வீரன் மட்டும் அதே களைத்த கண்களோடு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"துடைத்துத் தூய்மை செய்யட்டுமா, ஐயா?" என்று இளைஞன் கேட்டான்.

"உன் விருப்பம், தம்பி" என்றார் ஆசிரியர்.

அவன் சிறிது நேரம் நின்றான். பிறகு கைக்குட்டையை எடுத்து, பாசுபிடித்துக் கறுத்திருந்த பித்தளைத் தகட்டை மட்டும் ஒளி வரும்வரை துடைத்துவிட்டு, அலமாரியை மெல்ல மூடினான்.